பாதுகாப்பு நிலை

ஜூன் 3, திங்கள்

காலையில் அம்மா போன் செய்தாள். வேலை நிரந்தரம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஜூலைக் கடைசியில்தான் சொல்வார்கள் என்றேன்.

"ஒங்கப்பா டீக்கடையில போயி எம்மக டிரைவர் எழுதுறான்னு சொல்லிட்டு வந்துருக்காரு. பொம்பளப்புள்ள என்ன வண்டி ஓட்டுதுன்னு கேக்காங்களாம். நான் என்னத்தச் சொல்லட்டும்?"

கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல் என்றேன். அதற்கு மேல் அவளுக்கு விளக்க எனக்குச் சொல் கிடைப்பதில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனி விரல் ரேகைப் பூட்டு செய்கிறது. பூட்டுக்குள் ஒரு சிப். அந்தச் சிப் உள்ளுக்குள் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்தில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஓடும். அங்கே நாங்கள் எல்லோரும் புழங்கலாம். மறுபக்கம் மூடிய அறை மாதிரி. ரேகைகளும் சாவிகளும் அங்கேதான் இருக்கும். லினக்ஸாலும் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. கேள்வி மட்டும் கேட்கலாம்: இந்த விரல் நம் ஆளுடையதா? அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கி வருவதுதான் நான் எழுதும் டிரைவர். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும். அதை யாரும் பார்க்கப்போவதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆமாம் என்று பதில் வந்தால் கதவு திறக்கும். இல்லை என்றால் திறக்காது. சில சமயம் பதிலே வராது. அப்போது என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

ஜூன் 6, வியாழன்

முடிவாகிவிட்டது.

பல்லடம் தாண்டி ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதிக்கு எங்கள் பூட்டு போகிறது. மில் மேனேஜர் தன் தேவைகளைத் தமிழில் அனுப்பியிருந்தார். குழுவில் தமிழ் வழியில் படித்தவள் நான் ஒருத்திதான். ஆங்கிலத்தில் போட்டுத் தரும் வேலை என்னிடம் வந்தது. "கோளாறு வந்தால் கதவு பாதுகாப்பு நிலைக்குப் போய்விட வேண்டும்" என்று ஒரு வரி. அதில் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் சேஃப்டி என்றும் செக்யூரிட்டி என்றும் இரண்டு சொல் இருக்கிறது. தீப்பிடித்தால் ஆள் வெளியே வர வழி இருப்பது சேஃப்டி. திருடன் உள்ளே வராமல் இருப்பது செக்யூரிட்டி. நமக்கு இரண்டும் பாதுகாப்புதான். ஒன்றைப் போட்டால் கதவு திறக்கும். மற்றதைப் போட்டால் பூட்டிக்கொள்ளும்.

டீம் லீட் லோகநாதன் சாரிடம் கேட்டேன். அவர் மானிட்டரை விட்டுத் திரும்பவில்லை.

"இதுல என்னம்மா சந்தேகம்? பூட்டு வாங்கறவன் எதுக்கு வாங்கறான்? பூட்டறதுக்குத்தானே? செக்யூரிட்டின்னே போடு."

தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளே ஆள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். என் நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் அந்த வாக்கியம் முழுசாக அமைந்துவிட்டது. மறுபடி எழுந்து போவதற்குள் அவர் மீட்டிங் போய்விட்டார்.

பதில் வராவிட்டால் பூட்டியே இருக்கும்படி எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு வரிதான் மாறியது.

ஜூன் 7, வெள்ளி

ரெபெக்கா எங்கள் டெஸ்டர். நாகர்கோவில்காரி. என்னோடு இங்கே வாய்விட்டுப் பேசும் ஒரே ஆள்.

"ஏ செண்பகம், ஒனக்க டிரைவரு நேத்து ஒறங்கிட்டு. எழுப்புனா எழும்பல."

பூட்டின் சிப் பொருத்திய டெஸ்ட் போர்டை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும்போது நடந்ததாம். டிரைவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. முழுசாக அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. இன்று இரண்டு பேரும் நாள் முழுக்க முயன்றோம். மறுபடி வரவில்லை.

லோகநாதன் சார் வந்து பார்த்தார். "மறுபடி வந்தாத்தான் பக். ஒரு தடவ வந்துட்டுப் போனா அது பேய். பேய்க்கெல்லாம் டிக்கெட் போட்டு வெக்காதீங்க, எனக்கு ரிலீஸ் இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நான் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. துவைக்கப் போட்ட துணி அப்படியே இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

மில்லுக்குப் போய்ப் பூட்டைப் பொருத்திவிட்டு வந்தோம். பெண்கள் விடுதிக்குள் ஆண்கள் அதிக நேரம் இருக்கக் கூடாது என்பதால் என்னை அனுப்பினார்கள். வெல்டர் மட்டும் வந்து பழைய தாழ்ப்பாளை அறுத்துவிட்டு இறங்கிப் போனார். டெக்னீஷியன் மூர்த்தி அண்ணன் கீழே வேனில் இருந்தார்.

மாடியில் ஒரே நீண்ட கூடம். தகரப் பெட்டிகள், பாய்கள், கொடியில் சுடிதார்கள். இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள் பகலில் தூங்குகிறார்கள். ஜன்னல்களில் கம்பி, அதற்கு மேல் வலை. படிக்கட்டுக்கு ஒரே கதவு.

பெண்கள் எல்லோருடைய விரலையும் பதிவு செய்ய மாலை ஆகிவிடும் என்று மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தேன். வார்டன் வேலுமணி அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"புள்ளைங்க வெரலா? அது எதுக்குங் அம்மிணி? எனக்கு, மேனேஜருக்கு, சூப்ரவைசருக்கு. அது போதுமுங்க."

"உள்பக்கமும் ரீடர் கேட்டிருக்கீங்களே அக்கா?"

"நானு உள்ள இருந்தா வெளிய வரோணுமல்லோ?"

அரை நாள் வேலை மிச்சமானது.

ஸ்க்ரூ முடுக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். இசக்கி என்று பெயர். என் பேச்சை வைத்தே ஊர்ப்பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"யக்கா, நீங்க கோவில்பட்டிப் பக்கமா? நான் கழுகுமல. நீங்கதான் இன்ஜினியரா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இந்தக் கதவு நீங்க சொன்னா கேக்குமா?"

"நான் சொன்னாக் கேக்காது. விரல் வச்சவங்க சொன்னாத்தான்."

"நல்லா செஞ்சிய போங்க. செஞ்சவுக பேச்சையே கேக்காதாம்." பின்னால் படுத்திருந்தவளைப் பார்த்துக் கத்தினாள். "ஏ பேச்சி, நீ கவலப்படாத. ஒனக்கு வெரல் வேண்டாம். நீ இருமுற இருமலுக்குக் கதவு தானாப் பேந்துரும்."

பேச்சி என்ற அந்தப் பெண் படுத்தபடியே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, எழுந்து உட்கார வேண்டியிருந்தது. மெலிந்த கழுத்து. பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். ஊருக்குப் போகக் கேட்டாளாம், மூன்று வருட ஒப்பந்தம் முடியட்டும் என்றார்களாம்.

கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை வேனில் வரும்போது சாப்பிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். துணி துவைத்தேன். எங்கள் லேடீஸ் ஹாஸ்டலிலும் ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். இதுவரை அதைப் பற்றி நினைத்ததில்லை. ஏன் பூட்டுகிறீர்கள் என்று இன்று வார்டனிடம் கேட்டேன். பாதுகாப்புக்கு என்றார். சாவி எங்கே இருக்கும் என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு சாவி?" என்றார்.

ஜூலை 1, திங்கள்

மில் விடுதியில் ஒரு பெண் இறந்துவிட்டாள். சனிக்கிழமை மதியம்.

லோகநாதன் சார் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் சொன்னார். மதியம் மின்சாரம் போயிருக்கிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் விளக்கும் விசிறியும் வந்துவிட்டன. கூடத்தில் ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. மற்ற பெண்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். வார்டன் வெளியிலிருந்து விரலை வைத்திருக்கிறார். பதிலுக்குக் காத்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். மேனேஜரைக் கூட்டி வந்து அவர் விரலையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துப் போட்ட பிறகு திறந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி கேட்டைத் தாண்டும்போதே முடிந்துவிட்டது.

"அந்தப் புள்ளைக்கு ஏற்கெனவே வீசிங் இருந்திருக்குது" என்றார் சார். அதை இரண்டு முறை சொன்னார்.

நான் பெயர் கேட்கவில்லை.

சாயங்காலம் சோப்பும் ரொட்டியும் வாங்கினேன்.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் ரெபெக்கா எழுந்து போய் டெஸ்ட் மேசைக்குக் கீழே குனிந்தாள். எங்கள் லேபில் எல்லா போர்டும் யுபிஎஸ்ஸில் இருக்கிறது. இங்கே மின்சாரம் போனால் விளக்குகூட இமைக்காது. போர்டின் பிளக்கைப் பிடுங்கி உடனே திருப்பிச் செருகினாள். என்னை விரல் வைக்கச் சொன்னாள்.

நீல விளக்கு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தச் சின்னத் துண்டிப்பில் சில சமயம் மூடிய அறை மட்டும் புதிதாகத் தொடங்கிவிடுகிறது. லினக்ஸ் பக்கம் அணையவில்லை. என் டிரைவர் பழைய இணைப்பு எண்ணையே வைத்துக்கொண்டு கூப்பிடுகிறது. உள்ளே இருப்பதற்கு அந்த எண்ணே தெரியாது. அது பேசாமல் இருக்கிறது. டிரைவர் காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் பூட்டியே இருக்கும்படி எழுதியிருந்ததால் கதவும் பூட்டியே இருந்தது.

"பேய் வந்துட்டு" என்றாள் ரெபெக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் யாரும் ஜெனரேட்டரில் சோதிக்கவில்லை. இந்த ஆபீஸில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் தினம் மின்சாரம் போகும். எனக்குத் தோன்றியிருக்கலாம்.

ஜூலை 3, புதன்

மில்லுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சார் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். போட்டேன். "பதில் கிடைக்காத நிலையில் கதவு வடிவமைக்கப்பட்டபடியே பாதுகாப்பு நிலைக்குச் சென்றது."

திரும்ப வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை.

ஜூலை 4, வியாழன்

இரண்டு மாற்றங்கள் எழுதினேன். முதலாவது, மூடிய அறை புதிதாகத் தொடங்கினால் டிரைவர் அதைக் கண்டுகொண்டு புது இணைப்பு வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, அப்படியும் பதில் வராவிட்டால் கதவு திறந்துவிடும்.

லோகநாதன் சார் முதலாவதை ஏற்றுக்கொண்டார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். இரண்டாவதை நீக்கிவிட்டார்.

அவர் மேசைக்குப் போனேன்.

"சார், உள்ள ஆள் இருந்தாங்க."

"தெரியும்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கு மட்டும் சோறு எறங்குதுன்னு நெனைக்கிறயா? கஸ்டமர் கேக்காதத நாம செய்ய முடியாது. தொறந்திருக்கறப்ப எவனாச்சும் உள்ள பூந்து ஒண்ணு ஆச்சுன்னா? அப்பவும் நம்மளத்தான் கேப்பாங்க. நாளைக்கு மேனேஜர் லைன்ல வர்றாரு. நீயே கேளு."

ஜூலை 5, வெள்ளி

பாத்ரூமில் நின்று கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் ஸ்பீக்கரில் வந்தார். பணிவாகப் பேசுகிறவர். நான் இரண்டாவது மாற்றத்தைச் சொன்னேன்.

"கரண்டு போனாத் தொறந்துக்கும்ங்களா? அப்பறம் எனக்கு எதுக்குங்க பூட்டு? இங்க தெனம் போகுதுங்க."

"எப்பவும் திறக்காது சார். பதில் வராட்டி மட்டும்தான். பாதுகாப்பு நிலைன்னு நீங்க எழுதியிருந்தீங்க. யாருக்குப் பாதுகாப்பு சார்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க. புள்ளைங்களுக்குத்தானுங்க. வயசுப்புள்ளைங்க. பெத்தவங்க எங்கள நம்பி உட்டுட்டுப் போறாங்க. மூணு வருசம் முடியறதுக்குள்ள ஒண்ணு ஓடிருச்சுன்னா எங்க சட்டையத்தான் புடிப்பாங்க. அதுவுமில்லாம, ஒண்ணு போச்சுன்னா பின்னாடியே நாலு போகுங்க. மெஷினு நிக்குமுங்க."

லோகநாதன் சார் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருடன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும், அந்த வரியை எழுதும்போதும், வெளியே ஒரு திருடன் நிற்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

"செத்துப்போன பொண்ணு பேரு என்ன சார்?" என்று கேட்டேன்.

"பேச்சியம்மாளுங்க" என்றார். "அவங்கப்பன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

ஜூலை 10, புதன்

மில்லில் எங்கள் பூட்டு வேண்டாம் என்கிறார்கள். மெஷினை நம்பியதால்தான் இப்படி ஆனது, பழையபடி சங்கிலியும் பூட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்தபோது சாருக்குச் சுமை இறங்கியதுபோல் இருந்தது.

"நீயே போயிக் கழட்டிட்டு வந்துரு. நம்ம கம்பெனி சாமான் ஒரு ஸ்க்ரூ கூட அங்க இருக்கக் கூடாது. நாளைக்குக் கேசு கீசுன்னு வந்தா நம்ம பேரு எதுலயும் தெரியக் கூடாது. புரியுதா?"

புரிகிறது என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

சார் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தேன்.

வேலுமணி அக்கா சங்கிலியும் பித்தளைப் பூட்டும் தயாராக வைத்திருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். சமையல்கட்டில் ஆள் கூப்பிட்டதும், "அம்மிணி, வேல முடிஞ்சா சொல்லு" என்று கீழே போனார்.

பேச்சியின் இடத்தில் பாய் சுருட்டி வைத்திருந்தது. யாரும் அந்த இடத்தில் படுக்கவில்லை.

இசக்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் கழற்றிய ஸ்க்ரூக்களைத் தன் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டாள். ரீடர் இரண்டையும் எடுத்தேன். போல்ட்டை எடுத்தேன். கதவில் பதித்த இரும்புத் தகட்டை எடுத்தேன். பழைய தாழ்ப்பாளை நாங்கள் அன்றைக்கே அறுத்துவிட்டதால் தகட்டுக்குக் கீழே வெறும் மரமும் ஓட்டைகளும்தான் இருந்தன.

"இந்தக் கைப்பிடியும் ஒங்களுதாக்கா?"

"ஆமா."

"அந்தா, நெலையில இருக்கே வளையம்? அது?"

நிலைச்சட்டத்தில் ஒரு இரும்பு வளையம் திருகியிருந்தது. சங்கிலி கோர்க்க அது ஒன்றுதான் மிச்சம்.

"அதுவும்தான்" என்றேன்.

கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. இசக்கியும் ஒரு கை பிடித்தாள்.

"நல்லாப் பாத்துக்கோங்கக்கா. ஒங்க சாமான் ஒண்ணுகூட விட்டுட்டுப் போயிராதிய."

"சரி."

"காலையில ஷிஃப்ட்டு மாறும்போது கேட்டு தொறந்துதான் கெடக்கும். உள்ளூர்ப் பொம்பளையெல்லாம் கும்பலாப் போவாக. பஸ் எங்கிட்டுக்கா நிக்கும்? நாங்க பாத்ததே இல்ல."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. வரும் வழியில் பார்த்ததைச் சொன்னேன். வேப்பமரத்துக்கு எதிர்ப்பக்கம், பல்லடம் போகிற பஸ்.

அக்கா வந்தார். சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"இத எதுல மாட்டறது அம்மிணி?"

"கம்பெனி சாமானையெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க அக்கா."

"ஆசாரி நாளைக்கு மத்தியானந்தான் வருவான்."

நான் பையை மூடினேன். அவர் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர் அவர்தான். பிறகு, "அப்ப சாத்தி வெச்சுக்கறேன்" என்றார்.

ஜூலை 13, சனி

வெயில் நன்றாக இருந்தது. போர்வை துவைத்துப் போட்டேன்.

ஜூலை 15, திங்கள்

மில்லிலிருந்து போன். சனிக்கிழமை காலை ஷிஃப்ட் மாறிய பிறகு கூடத்தில் ஆறு பெண்கள் இல்லையாம்.

மூர்த்தி அண்ணன் சாமான்களைச் சாரின் மேசைமேல் பரப்பினார். "எல்லாம் இருக்குது சார். இந்த வளையம் மட்டும் நம்முளுது இல்ல."

லோகநாதன் சார் அவரை வெளியே போகச் சொன்னார். வளையத்தைக் கையில் எடுத்து உருட்டினார்.

"ஒரு ஸ்க்ரூ கூட விடக் கூடாதுன்னு சொன்னீங்க சார்" என்றேன்.

"சொன்னேன். இது நம்முளுதுன்னு நெனைச்சு எடுத்தயா, இல்ல தெரிஞ்சே எடுத்தயா?"

மேசைமேல் கிடந்த ஸ்க்ரூக்களை ஒன்றாகக் கூட்டி வைத்தேன். அவர் காத்திருந்தார். பிறகு, "லேப்டாப்ப ரெபெக்காகிட்டக் குடுத்துரு" என்றார். குரலில் கோபம் இல்லை. வளையத்தை அவர் திருப்பித் தரவில்லை. தன் டிராயரில் போட்டுக்கொண்டார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ரெபெக்கா அறைக்கு வந்தாள். மீன்குழம்பு கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், கேட்டு வந்ததைச் சொன்னாள். மூர்த்தி அண்ணன் மில் வேன் டிரைவரிடம் விசாரித்தாராம். ஆறு பேரில் இரண்டு பேரைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக் கூட்டி வந்துவிட்டார்கள். இசக்கி அதில் இருக்கிறாளா தெரியாது. ஆசாரியை வரச் சொல்லவில்லையாம். வெல்டரை வரவழைத்துக் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். பூட்டு மாட்டும் கொண்டியும் வெல்டிங்தான்.

"வேலுமணி அக்கா?"

"அவங்களயும் நிப்பாட்டியாச்சு."

வெல்டிங் வைத்ததை ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியாது.

நாளை திங்கள். திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன். கதவு, கூடம், உள்ளே இருப்பவர்கள், பேச்சியம்மாள், நான் எழுதிய வரி, அந்த வளையம். பாதுகாப்பு என்ற சொல்லை ஓரிடத்திலும் போடவில்லை. ரெபெக்கா வாசித்துவிட்டு, மனுவைக் கொடுத்துவிட்டு நைசாக வந்துவிட முடியாது என்றாள். கூப்பிட்டுக் கேட்பார்களாம். அத்தனை பேர் நடுவில் மைக்கில் பேசச் சொன்னாலும் சொல்வார்களாம்.

"நான் கூட வரட்டா?" என்றாள்.

உனக்கு வேலை இருக்கிறது, நீ ஆபீஸ் போ என்றேன்.